சம்பந்தியோடு ஒரு கோப்பை ஆட்டம்

அந்த மஞ்சள் முக்கோணம் மறுபடியும் தப்பான ஆளின் தலைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. தயாளன் கேட்டது பந்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனை. டிவியில் மாட்டிய வீடியோ கேம் பெட்டி கொடுத்தது, மைதானத்தின் அந்தக் கோடியில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றவனை. பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினார். முக்கோணம் தாவியது, அவனும் இல்லை. இன்னொரு தடவை அழுத்தினார், இப்போது கோல்கீப்பருக்கு முன்னால் நின்ற தடியன் தலைமேல். நீலச் சட்டைக்காரர்கள் பதினோரு பேரும் தன் ஆட்கள்தான், ஆனால் ஒரு நேரத்தில் ஒருத்தன்தான் தன் பேச்சைக் கேட்பான், அந்த ஒருத்தன் யார் என்பதையும் பெட்டியே முடிவு செய்யும் என்றால் பிறகு எதற்கு மனுஷன் கையில் இந்த ரிமோட்டைக் கொடுத்தார்கள். இது ஒன்றாவது குறை. குறைகளை ஒன்று இரண்டு என்று மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். வெளியே சொல்ல மாட்டார், சொன்னால் யாராவது ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று கேட்டால் பேச வேண்டும். நியாயத்துக்கு நல்லதையும் வைத்துக்கொள்வார். புல் நல்ல புல். நனைந்த இடத்தில் நிறம் ஒரு மாற்றுக் குறைவாகத் தெரிகிறது, பந்து அங்கே போனால் வேகம் குறைகிறது, அதை யாரோ உட்கார்ந்து கவனித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் புல்மேல் ஓடுகிறவர்கள் முகத்தில் எதுவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் சம்பந்தி கன்னியப்பன் உட்கார்ந்திருந்தார், அவர் முகத்திலும் எதுவும் இல்லை. ஃபேன் அவர் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பெண்ணைப் பெற்ற வீட்டில் ஃபேன் அவர் பக்கம்தான் திரும்பியிருக்க வேண்டும், முதல் தட்டு அவருக்குத்தான் போட வேண்டும், வஞ்சிரத்தில் நடுத்துண்டு அவர் தட்டில்தான் விழ வேண்டும். இதெல்லாம் சாப்பாட்டோடு முடிந்துவிட்டது என்று தயாளன் நினைத்திருந்தார். ஆனால் கை கழுவிவிட்டு வந்தவரை மனைவி கஸ்தூரி அடுப்பங்கரை வாசலிலேயே நிறுத்தி, குரலைத் தணித்து, ஆட்டத்திலயும் விட்டுக் குடுத்தே ஆடுங்க, ஜெயிச்சித் தொலைச்சிடாதீங்க என்று சொல்லி அனுப்பிவிட்டாள். முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் யாரை ஜெயித்து அவள் பார்த்திருக்கிறாள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தோற்பது ஒன்றும் கஷ்டமில்லை என்றுதான் நினைத்தார். கஷ்டமாக இருந்தது. தோற்பதென்றால் சும்மா தோற்க முடியாது, தோற்பது எதிராளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் அது தோற்பதைவிட பெரிய அவமரியாதை. பந்தைத் திருப்பித் தன் கோலிலேயே அடிக்க முடியுமா, சம்பந்தி ஒன்றும் குழந்தை இல்லை, ஒர்க்‌ஷாப் டீமுக்குக் கீப்பராக நின்ற மனுஷன், வலது கைச் சுண்டுவிரல் இன்னும் கோணிக்கொண்டுதான் இருக்கிறது. தயாளன் அந்தக் காலத்தில் லெஃப்ட் பேக். கண்ணாடி ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து வியாசர்பாடி மைதானத்துச் சரளைக்கல்லில் ஓடியவர். ஒரு ஆளை எப்படி மறிப்பது என்று தெரிந்தவனுக்கு அவனை எப்படிப் போக விடுவது என்பதும் தெரியும். அரை அடி, அவ்வளவுதான். எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு அரை நொடி முன்னால் மாற்றிவிட்டால் போதும், பார்க்கிறவன் பாவம் ஏமாந்துவிட்டான் என்பான். அந்த அரை அடிதான் இந்தப் பெட்டியில் இல்லை. அவர் தப்பாகத் தட்டிய பந்தைப் பெட்டி சரியாக்கியது. சிவப்புச் சட்டைக்காரன் காலுக்கு என்று ரிமோட்டில் முளைத்திருக்கிற கட்டையை அந்தப் பக்கம் தள்ளி, பெருக்கல் குறி போட்ட பொத்தானை மெதுவாக அழுத்தினால், பந்து நடுவழியில் மனசு மாறி, ஐயா இங்கேதானே போகச் சொன்னீர்கள் என்று கேட்பது போலத் தன் நீலச் சட்டைக்காரன் காலிலேயே போய்ச் சேருகிறது. இரண்டாவது குறை, பெரிய குறை. மனுஷன் மனசறிந்து செய்கிற தப்பைக்கூடச் செய்ய விடாத ஆட்டம் என்ன ஆட்டம். எவனோ ஒரு நல்லவன் உள்ளே உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் நல்லது செய்துகொண்டே இருக்கிறான். மகள் நிரோஷாதான் சொன்னாள், அது உதவி பா, புதுசா ஆடுறவங்களுக்கு, வேணாம்னா நிறுத்திக்கலாம் என்று. எங்கே போய் நிறுத்துவது என்பதைச் சொல்வதற்குள் கஸ்தூரி அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டாள். இப்போது உள்ளே என்ன பேசுகிறார்கள். கரண்டி சத்தம் கேட்கிறது, கஸ்தூரி குரல் கேட்கிறது, நிரோஷா குரல் கேட்கவில்லை.

இந்தப் பெட்டியால்தான் எல்லாம், அப்படித்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. தை மாசம் கல்யாணம். ஆனி கடைசியில் ஒரு மத்தியானம், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை முடிந்த கையோடு கொருக்குப்பேட்டையில் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டிய பெண், துணிப்பையைத் தோளில் போட்டு, இந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் வந்து வாசலில் இறங்கினாள். என்னடி என்றதற்கு, அவரு என் டீமை அழிச்சிட்டாரு என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டும் அதே வாக்கியம்தான். எந்த டீம். இந்தப் பெட்டிக்குள் ஒரு டீமாம். முதல் சம்பளத்தில் பெட்டி வாங்கிய நாளிலிருந்து ஆளாளாகச் சேர்த்து வளர்த்த டீமாம், காலேஜில் தன்னோடு ஆடிய பெண்களின் பெயர்களையே வைத்திருந்தாளாம், கீப்பர் பெயர் எஸ்தர், நடுவில் ஆடுகிறவள் அம்பிகா, ரைட் விங்கில் அவளே. மாப்பிள்ளை ஜெகன் ஒரு ராத்திரி அதைத் துடைத்துவிட்டானாம். கஸ்தூரி தலையில் கை வைத்துக்கொண்டாள். இல்லாத பெண்களுக்காக இருக்கிற புருஷனை விட்டுவிட்டு வந்திருக்கிறாளே, சீராகக் கொடுத்த பாத்திரமெல்லாம் அங்கே கிடக்க இந்தப் பொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று அவள் புலம்பிய புலம்பல் தயாளனுக்கும் நியாயமாகத்தான் பட்டது. அழிந்தால் மறுபடியும் வைத்துக்கொள்வது. பெயர்தானே. நல்லவேளை, ஆடி பிறக்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், புதுசா கல்யாணம் ஆனவ, ஆடிக்கு அழைச்சிக்கிட்டு வந்திருக்கோம் என்று கஸ்தூரி சொல்லிவிட்டாள். யாருக்கும் சந்தேகம் வராத பொய், பஞ்சாங்கமே சாட்சி. ஆனால் ஆடி ஒரு மாசம்தான். ஆவணி பிறந்துவிட்டது, இது இரண்டாவது ஞாயிறு, எதிர்வீட்டு லோகநாயகி நேற்று தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போது, இன்னா கஸ்தூரி, உங்க வீட்ல மட்டும் ஆடி போவலியா என்று கேட்டுவிட்டாள். கேட்டது சிரித்துக்கொண்டுதான். கஸ்தூரி ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் சம்பந்தி போன் செய்து, மருமகளைக் கூட்டிக்கொண்டு போக வருகிறேன் என்றதும் வஞ்சிரம் வாங்கி, பூ வாங்கி, மகள் துணியையெல்லாம் மடித்து வைத்தாள். நிரோஷா, அப்பா போன்னா போறேன் என்றாள். அங்கேதான் தயாளன் மாட்டிக்கொண்டார். போ என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லை அவர் காலையிலிருந்து சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தார், குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, இப்போது இந்த ஆட்டம் முடியட்டும்.

ஆட்டம் முடிகிற மாதிரி இல்லை. சம்பந்தியின் சிவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் பந்தோடு கோலுக்கு முன்னால் தனியாக வந்துவிட்டான், தயாளன் வேண்டுமென்றே தன் ஆளை வேறு பக்கம் ஓட்டி வழி விட்டிருந்தார், இப்போது அடி, அடித்துவிடு, முடித்துத் தொலை. அவன் அடிக்கவில்லை. பந்தை இழுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் சுற்றி, கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டான். கன்னியப்பன் உச்சுக் கொட்டினார். பாவம், எந்தப் பொத்தானில் அடிப்பது என்று தெரியவில்லை என்று தயாளன் நினைத்துக்கொண்டார், வட்டம் போட்டது சம்பந்தி என்று சொல்லிக் கொடுக்க வாய் வரை வந்தது, சொன்னால் உங்களுக்குத் தெரியவில்லை என்று சுட்டிக்காட்டிய மாதிரி ஆகிவிடுமே என்று விழுங்கிக்கொண்டார். இங்கிலீஷில் ஒரு குரல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. இரண்டு பேர், மாறி மாறி, ஒரே விஷயத்தை. பந்து வெளியே போனால் அவர்களுக்கு வருத்தம், உள்ளே வந்தால் சந்தோஷம், ஆட்டக்காரன் விழுந்து புரண்டால் ஒரு அனுதாபம், எல்லாம் ஒரே சூட்டில். கஸ்தூரியின் அக்கா வீட்டுக்காரர் இழவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் இப்படித்தான் பேசுவார். மூன்றாவது குறை. நல்லது என்றால் கோல் போஸ்டில் பந்து படுகிற சத்தம், அது அச்சு அசலாக இருக்கிறது, அந்த ஓசை கேட்கும்போது பல் கூசுகிறது. இன்னொரு நல்லது, அதை அவர் முதலில் குறையில்தான் சேர்த்திருந்தார், ஆட்டம் ஆடுகிற இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் எதிரே ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இது இல்லாவிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு சம்பந்தியும் அவரும் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், சுவரையா. பெட்டியில் இடைவேளை விசில் ஊதினார்கள். பன்னிரண்டு நிமிஷத்தில் தொண்ணூறு நிமிஷத்தை அடக்கிவிடுகிறார்கள், வேர்வை காய்வதற்கு நேரமில்லை, தண்ணீர் குடிக்க நேரமில்லை. வாழ்க்கையில் எதற்கெல்லாம் இந்த வேகம் இருந்திருக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்கிற இடத்தில் மட்டும் இந்த வேகம் வேண்டாம்.

கஸ்தூரி டீ கொண்டு வந்து வைத்தாள். சம்பந்திக்கு முதலில். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கிறது, அதற்கு முன்னால் கிளம்புவது நல்லது என்று சம்பந்தியிடம் பணிவாகவும், அதையே புருஷனிடம் கண்ணாலும் சொல்லிவிட்டுப் போனாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு ஆகப் போகிறது. இரண்டாவது பாதி ஆரம்பித்துவிட்டது, ரிமோட் கையில் ஒரு தடவை உறுமி அடங்கியது. இந்த உறுமலும் அவருக்குப் பிடிக்கவில்லை, கையில் பிடித்த தவளை மாதிரி. திடுக்கிட்டதில் கட்டை ஒரு பக்கம் சாய்ந்து, அவருடைய நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் தன்பாட்டுக்கு மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு போய் கோலைப் பார்த்து நின்றான். போச்சு. இவன் அடித்தால் உள்ளே போய்விடும், இந்தப் பெட்டிக்குத்தான் தப்பு செய்யத் தெரியாதே. தயாளன் எந்தப் பொத்தானையும் தொடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எதிரே சம்பந்தியின் கீப்பர் இருக்கிறான், வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கீப்பர் வரவில்லை. அது மட்டுமில்லை, கோலின் நடுவில் நின்றவன் மெதுவாக ஒரு ஓரத்துக்கு நகர்ந்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வழி விடுகிற மாதிரி நகர்ந்தான். தயாளனுக்கு முதலில் புரியவில்லை. கீப்பர் தானாக நகர மாட்டான், பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் நகர்வான், நிரோஷா சொல்லியிருக்கிறாள். பந்தைத் திருப்பி நடுமைதானத்துக்கு அனுப்பிவிட்டார். சிவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் அதை எடுத்தான், எடுத்ததும் முன்னால் போகாமல் பின்னால் தட்டினான், பின்னால் நின்றவன் இன்னும் பின்னால் தட்டினான். முதல் பாதியில் தனியாக வந்தவன் ஏன் அடிக்காமல் ஓரத்துக்குப் போனான் என்பது இப்போது தலைக்குள் மெல்ல ஏறியது. வட்டம் போட்ட பொத்தான் எது என்று இந்த மனுஷனுக்கு நன்றாகத் தெரியும். அரை அடி. ஒர்க்‌ஷாப் டீமுக்குக் கீப்பராக நின்றவர், எந்தப் பக்கம் அரை அடி நகர்ந்து நின்றால் கோல் விழும் என்று தெரிந்துதான் நகர்ந்து நிற்கிறார்.

இவர் ஏன் தோற்க வேண்டும். தயாளனுக்கு முதுகில் வேர்த்தது, ஃபேன் வேறு அந்தப் பக்கம். பெண்ணைப் பெற்றவன் தோற்பதில் ஒரு முறை இருக்கிறது, அது கல்யாணப் பந்தலிலேயே ஆரம்பிக்கிற முறை. பிரியாணியில் உப்புக் கம்மி என்றால் ஆமாம் என்பது, மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் லூஸ் என்றால் மாற்றித் தருகிறோம் என்பது. பையனைப் பெற்றவர் தோற்பதற்கு என்ன முறை இருக்கிறது. தன் வீட்டு மருமகளைக் கூட்டிக்கொண்டு போக உரிமையோடு வந்த மனுஷன் கோலை விட்டு நகர்ந்து நிற்பாரா. தப்பு செய்தவன்தான் நகர்ந்து நிற்பான், இல்லாவிட்டால் கேட்க முடியாத ஒன்றைக் கேட்க வந்தவன். ஜெகன் வேறு யாரையாவது. இல்லை. கல்யாணமாகி ஏழு மாசம்தான். வேலை போய்விட்டதா. உடம்புக்கு ஏதாவதா. நிரோஷாவை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறானா, அதைச் சொல்லத் தெரியாமல்தான் இவர் மீனை இரண்டாவது தடவை வேண்டாம் என்றாரா. மஞ்சள் முக்கோணம் மறுபடியும் எங்கேயோ போய் உட்கார்ந்தது, அதைத் துரத்தவும் அவருக்குத் தோன்றவில்லை. அவர் அழுத்தாதபோதும் நீலச் சட்டைக்காரர்கள் அவரவர் இடத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள், பெயருக்குக் கீழே ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கோடு, எவ்வளவு களைப்பு என்று காட்டுகிற பச்சைக் கோடு, அது தேயத் தேய அவன் களைத்துவிட்டான் என்று அர்த்தம். இது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று முதல் தடவை பார்த்தபோது வியந்தார். எவ்வளவு பெரிய பொய் என்று இப்போது எரிச்சலாக வந்தது. எந்த மனுஷனுக்குப் பெயருக்குக் கீழே கோடு இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இவருக்கு இருக்கிறதா. ஒன்றரை மாசமாக இந்த வீட்டில் நடமாடுகிற பெண்ணுக்கு இருந்ததா, இருந்திருந்தால் அப்பனுக்குத் தெரிந்திருக்காதா. அவள் சாயங்காலங்களில் இந்தப் பெட்டியை ஆடக் கற்றுக்கொடுத்தபோது, தன் டீமை அவள் மறுபடி ஆரம்பிக்கவே இல்லை என்பதைப் பார்த்தார். ஏன் என்று கேட்டிருக்கலாம். அவளும் அவர் மாதிரிதான், கேட்டால்தான் சொல்வாள், கேட்டாலும் ஒரு வாக்கியம்தான் சொல்வாள், அந்த வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். அவர் போகவில்லை. அழிந்தால் மறுபடி வைத்துக்கொள்வது என்று நினைத்துவிட்டு இருந்துவிட்டார்.

விசில் ஊதிவிட்டார்கள், கோல் இல்லை. அப்பாடா, சமம், இரண்டு பேருக்கும் மரியாதை என்று ரிமோட்டைக் கீழே வைக்கப் போனார். பெட்டி விடவில்லை. நிரோஷா அவசரத்தில் கோப்பை ஆட்டத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், கோப்பை ஆட்டத்தில் சமம் கிடையாது, யாராவது ஒருத்தர் தோற்றே ஆக வேண்டும். கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதிலும் இரண்டு பேரும் பந்தைப் பின்னால் பின்னால் தட்டினார்கள். பெனால்டி வந்தது. தயாளனின் ஆள் முதலில். பொத்தானை அளவாக அழுத்தினால் பந்து கோலுக்குள் போகும், அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் மேலே பறக்கும். இந்த ஒரு இடத்தில் மட்டும் பெட்டி உதவிக்கு வரவில்லை, மனுஷன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது, அதற்கு ஒரு நல்லது போட்டுக்கொண்டார். அழுத்திப் பிடித்தார். பந்து கூட்டத்துக்கு மேலே போய் இருட்டில் விழுந்தது. சம்பந்தியின் ஆள் வந்தான், அவன் பந்தும் அதே இருட்டில் விழுந்தது. மறுபடி இவர் மேலே, மறுபடி அவர் மேலே. திரையின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறிகள் இரண்டு வரிசையாக நீண்டுகொண்டே போயின. ஐந்து முடிந்து, ஆறு, ஏழு. இங்கிலீஷ் குரல்கள் இரண்டும் முதல் தடவையாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் அடங்கின. கன்னியப்பன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், தயாளன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார், ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கஸ்தூரி உள்ளேயிருந்து, இன்னும் முடியலியா என்று கேட்டாள். இருவரும் ஆளுக்கொரு பந்தை வானத்துக்கு அனுப்பினார்கள்.

டம்ளர் எடுக்க வந்த நிரோஷா நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றாள். திரையைப் பார்த்தாள், மூலையில் இருந்த பெருக்கல் குறிகளைப் பார்த்தாள். ஆட்டம் தெரிந்த பெண், அவளுக்கு இரண்டு பந்து போதும். சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை, மூக்கால் வந்தது, தோள் குலுங்கியது, டம்ளர்கள் ஒன்றோடொன்று கிணுங்கின. "ரெண்டு பேரும் வேணும்னே மேல அடிச்சிக்கினு இருக்கீங்க. விடிஞ்சாலும் இது முடியாது. யாராவது ஒருத்தர் போடுங்க." அவர்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன்கள் மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்தபடியே டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், உள்ளே போன பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச தூரம் வந்தது. தயாளனுக்குக் காது சுட்டது. தன் திருட்டு தெரிந்துவிட்ட வெட்கம் ஒரு பக்கம், சம்பந்தியின் திருட்டும் தெரிந்துவிட்டதே, இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்கிற வெட்கம் இன்னொரு பக்கம். ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும், பொத்தான் சரியில்லை என்று சொல்லலாமா. அதற்குள் கன்னியப்பன் ரிமோட்டை மடியில் வைத்தார்.

"இந்தச் சிரிப்ப எங்க வீட்ல நான் கேட்டதில்ல சம்பந்தி" என்றார். திரையைப் பார்த்துத்தான் சொன்னார். திரையில் தயாளனின் ஆள் பந்துக்கு முன்னால் நின்று, அடிப்பதற்கு உத்தரவு கிடைக்காமல், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். கன்னியப்பன் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். தன் அறைக்கும் மகன் மருமகள் அறைக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் அரைக்கல் சுவர். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு மகன் பேசுகிறது எல்லாம் கேட்கும். கை நீட்டினான் என்று சொல்ல மாட்டேன், நீட்டவில்லை. பேச்சுதான். வேலைக்குப் போகிற திமிரு என்பான், நீயெல்லாம் பொம்பளையா என்பான், இன்னும் என்னென்னமோ, பெத்த அப்பன் வாயால் திருப்பிச் சொல்ல முடியாத பேச்சு, மணிக்கணக்காக, சலிக்காமல். பதில் பேசுகிற சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் தூங்கின பிறகு டிவியில் இந்த ஆட்டத்தின் சத்தம் மட்டும் சின்னதாகக் கேட்கும், அவள் ஆடிக்கொண்டிருப்பாள், அப்போதுதான் தனக்கும் தூக்கம் வரும். அவள் ராத்திரியில் ஆடுவது அவனுக்குத் தெரிந்துபோனது. அன்றைக்கு அவன் அதை அழித்தபோது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லித்தான் அழித்தான், ஒவ்வொரு பேராகப் படிக்கச் சொல்லி. எஸ்தர் என்று அவள் படிக்கிற குரல் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. எழுந்து போய்க் கதவைத் தட்டவில்லை சம்பந்தி, என்று அவர் முடித்தார். எஸ்தர், அம்பிகா, மற்றவர்கள் பெயர் அவருக்குத் தெரியாது, கேட்டுக்கொண்டதில்லை, பதினோரு பெயர், அதற்கு மேல் மாற்று ஆட்கள், அத்தனையையும் வாய்விட்டுப் படிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். அப்பா போன்னா போறேன். போக நினைக்கிற பெண் அப்பன் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருப்பாளா, மடையா. கன்னியப்பன் குரலை இன்னும் தணித்தார். "கூட்டிக்கினு வான்னு அனுப்பிச்சாங்க, வந்தேன். அனுப்பாதீங்கன்னு நான் சொல்ல முடியாது, நான் அந்த வீட்டு ஆளு. நீங்க மாட்டேன்னு சொல்லணும்."

கஸ்தூரி தாம்பாளத்தோடு வந்து நின்றாள். குங்குமம், மல்லிகை, ரவிக்கைத்துணி. மணி நாலு இருபது என்றாள், நல்லபடியா கெளம்பட்டும் என்றாள். பின்னால் கதவோரம் நிரோஷா நின்றாள், சிரிப்பு போயிருந்தது, காலையில் இருந்த அதே முகம். தயாளனுக்கு வாய் வரவில்லை. அறுபத்து மூன்று வயதில் நாலு பேர் முன்னால் ஒரு முடிவைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை, யூனியன் கூட்டத்தில்கூடப் பின்வரிசையில் கை மட்டும் தூக்கியவர். எல்லோரும் பார்க்கிறார்கள். கைதான் முதலில் அசைந்தது. கட்டையை இடது பக்கம் தள்ளி, வட்டம் போட்ட பொத்தானைத் தொட்டு, அளவாக, மிக அளவாக விட்டார். பந்து தரையோடு போய் வலையின் ஓரத்தில் விழுந்து வலையைப் புடைக்க வைத்தது. ஜனம் எழுந்து கத்தியது, இங்கிலீஷ் குரல்கள் உயிர் வந்து கத்தின. கன்னியப்பன் ரிமோட்டை எடுத்து, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்து, தன் கடைசிப் பந்தை வானத்துக்கு அனுப்பினார். "ஜெயிச்சிட்டீங்களா" என்று கஸ்தூரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அவர் ஆமாம் என்றார். பிறகு, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்கிற பயத்தில் ஒரே மூச்சில், "பொண்ணு போகல கஸ்தூரி. நான் அனுப்பல" என்றார். தாம்பாளம் ஆடியது. என்ன பேசுறீங்க, சம்பந்தி எதிர்லயே என்று அவள் ஆரம்பித்தாள். அவர் மகளைப் பார்த்து, உனக்குப் போவணுமா என்று கேட்டார். இதை அவர் ஆனியிலேயே கேட்டிருக்க வேண்டும். நிரோஷா தலையை ஆட்டினாள், இல்லை என்று. ஒரு தடவைதான் ஆட்டினாள், ஆனால் பெரிதாக.

கன்னியப்பன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். குரலை உயர்த்தி, எதிர்வீட்டு லோகநாயகிக்கும் கேட்கிற மாதிரி, "அப்போ வூட்ல போயி நான் இன்னான்னு சொல்றது" என்றார். கோபமாகத்தான் சொன்னார், கண் மட்டும் கோபப்படவில்லை. தயாளன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவருக்கு எதிரே நின்றார், மத்தியானத்திலிருந்து முதல் தடவையாக நேருக்கு நேர்.

"பொண்ணோட அப்பன் ஒத்துக்கலன்னு சொல்லுங்க. ஆளு அடாவடி, வாயத் தொறந்தா மூட மாட்டேங்கிறான், மரியாதையே தெரியலன்னும் சேத்துச் சொல்லுங்க."

கன்னியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொல்றேன் சம்பந்தி" என்றார். "ஒருத்தனும் நம்ப மாட்டான். ஆனா சொல்றேன்."